முழுகிப்போன மீனவன்



இன்றைக்கு நாம் ஒரு சித்திரக்காரரைப் பற்றிப் பேசுவோம். “கஞ்சிக்கே வழியில்லை, சித்திரம் எதற்கு?” என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். உழைக்கிறவன் எப்படிச் சித்திரத்துக்குள் வந்து சேர்ந்தான் என்பதுதான் நம் பேச்சு.

அவர் பெயர் யோசெப் இஸ்ராயேல்ஸ். ஹாலந்து தேசத்தின் வடக்கே, குரோனிங்கன் நகரில், 1824-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமிலும் பாரிசிலும் தொழில் கற்றார். ஆரம்பத்தில் இளவரசர்களையும் சரித்திர வீரர்களையும் தீட்டினார். பெரிய கித்தான் பெரிய மனிதருக்கே என்பது அந்நாளைய வழக்கம். ஏழைக்குச் சின்னப் படம். அதிலும் பலவற்றில் அவன் குடித்துக் கூத்தாடுவான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

1855-ல் உடம்பு தேற ஜாண்ட்வோர்ட் என்ற கடலோர மீனவக் கிராமத்துக்குப் போனார். ஒரு கப்பல் தச்சர் வீட்டில் தங்கி, அவர்களோடு உண்டு, அவர்கள் வாழ்ந்தபடியே வாழ்ந்தார். அதன்பின் இளவரசர்கள் அவருக்கு ருசிக்கவில்லை!

மறு ஆண்டே ஒரு படம் வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மீனவன், ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தி, இன்னொன்றைக் கைப்பிடித்து, அவள் கல்லறையைக் கடந்து போகிறான். உருவங்கள் ஏறக்குறைய ஆள் உயரம்.

1861-ல் இன்னொரு பெரிய படம் வந்தது. ஏறத்தாழ எட்டடி அகலம். கடலில் முழுகிச் செத்தவனைக் கூட்டாளிகள் தூக்கி வருகிறார்கள். பின்னால் படகு, மேலே மங்கிய வானம். முன்னால் அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, கூவவில்லை, நடக்கிறாள், அவ்வளவுதான். மறு ஆண்டு லண்டன் கண்காட்சியில் கனவான்கள் அதன் எதிரே நின்று பார்த்தார்கள். இன்றும் அது லண்டன் தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் படங்களை வாங்கியவர்கள் பணக்காரர்கள். எந்தக் குடிசைச் சுவரிலும் அவை தொங்கவில்லை. படகு யாருடையது, பிடித்த மீனில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அந்தப் படங்கள் கேட்பதில்லை. அவற்றில் துக்கம் உண்டு, கோபம் இல்லை. நமக்கு அது குறைதான். என்றாலும் ஏழையின் சாவை ராஜாவின் சாவுக்குச் சமமான அளவில் தீட்டினாரே, அது சின்ன விஷயமா?

1882-ல் ஒரு குடியானவக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருப்பதைத் தீட்டினார். அதைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களில் வின்சென்ட் வான்கோ என்ற ஏழை இளைஞரும் ஒருவர். மூன்று ஆண்டு கழித்து, உருளைக்கிழங்கு தின்னும் குடியானவர்களை அவரும் தீட்டினார். மண்ணைத் தோண்டிய அதே கைதான் தட்டிலும் நீளுகிறது என்று தன் தம்பிக்கு எழுதினார்.