கொடிமலையில் ஓர் இடுக்கிவால் பூச்சி



கொடிமலைக்கு ரயிலேறிப் போகிறோம். குளிர்க்காற்று வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். காலடியில் மக்கிக் கிடக்கும் மரக்கட்டையை எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருப்போம்? புரட்டினால், வால்பக்கம் இடுக்கி வைத்த பழுப்பு நிறப் பூச்சி ஒன்று ஓடும். காதில் நுழைந்துவிடும் என்று பிள்ளைகளை மிரட்டுவார்களே, அதுதான். ஐரோப்பாவிலும் இந்தப் பயம் பழையது. ‘இயர்விக்’ என்ற பெயரே காதை வைத்து வந்ததுதான். உண்மையில் நம் காதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இடுக்கிவால் பூச்சி என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

உலகில் ஏறக்குறைய 2,000 இனங்கள் இருக்கின்றன. கையில் இருப்பது எது என்று எப்படிச் சொல்வது? இடுக்கியைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். பெரும்பாலும் ஆணுக்கு வளைந்த இடுக்கி, பெண்ணுக்கு நேரான இடுக்கி. ஆனால் ஒரே இனத்து ஆண்களிலேயே சிறிய இடுக்கிக்காரரும் உண்டு, பெரிய இடுக்கிக்காரரும் உண்டு. இதை 1892இல் பேட்சன் என்ற ஆங்கிலேயர் எடுத்துக் காட்டினார். அளவை நம்பினால் ஓர் இனம் இரண்டாகிவிடும்! ஆகவே உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். பாதத்தின் நடுக்கணு இருபுறமும் அகன்றிருந்தால் ஒரு குடும்பம். நாக்குபோல் ஒடுங்கி அடுத்த கணுவின் கீழே நீண்டிருந்தால் வேறு குடும்பம். கடைசியில் ஆணின் இனவுறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பல நேரங்களில் முடிவுக்கு வர முடியாது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கெலிசோகெஸ் மோரியோ என்ற கறுப்பு இனம் தென்னங்குருத்தை அரிக்கும் வண்டின் புழுக்களைத் தின்கிறது. சரவாக் நியா குகையில் மயிரற்ற வௌவாலோடு வாழும் ஓர் இனமோ முட்டையிடாமல் குட்டி போடுகிறது. பெயர் தெரியாவிட்டால் இரண்டும் நமக்கு வெறும் பூச்சிதான்.

இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் இனங்களை 1910இலேயே மால்கம் பர் நூலாக்கிவிட்டார். அதில் மலாயா அடங்கவில்லை. நம் கொடிமலையில் 2017 அக்டோபரில் ஆய்வாளர்கள் கூடி உயிரினக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த பெருமழையில் மலைச்சரிவுகள் பல இடங்களில் நழுவின. அங்கே என்னென்ன வாழ்ந்தன என்று, மண் இறங்கிய பிறகு யாரைப் போய்க் கேட்பது? 2021இல் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் பட்டியலை யுனெஸ்கோ வந்து எழுதித் தராது.

ஆசிரியர்களே, மாணவர்களை அழைத்துப் போனால் பூச்சியைப் பிடித்து வர வேண்டாம். மேலிருந்து ஒரு படம், இடுக்கிக்கு ஒரு படம், பாதத்திற்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இடம், உயரம், தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கட்டையை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் தாய்ப்பூச்சி இருக்கலாம். பூஞ்சை பிடிக்காமல் முட்டைகளை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்வது அதன் வழக்கம். தாய் ஓடிவிட்டால் முட்டைகள் கெட்டுப்போகும்.