ஆயிரம் வெள்ளிக் கித்தார்

மின்கித்தார் என்பது ஒரு பலகை, ஒரு கழுத்து, ஆறு தந்தி, சில காந்தங்கள். வீணைக்குக் குடம் இருப்பதுபோல் ஒலியைப் பெருக்கும் வெற்றிடம் இதற்குக் கிடையாது. அதிரும் எஃகுத் தந்தி, காந்தத்தைச் சுற்றியுள்ள மெல்லிய செப்புக்கம்பியில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. மற்றதை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்கிறது. நல்ல வீணைக்குப் பலா மரமும் பழகிய கையும் வேண்டும். மின்கித்தாரின் உடலைக் கணினியால் இயங்கும் வெட்டுப்பொறி சில நிமிடங்களில் அறுத்துக் கொடுத்துவிடும். விலை குறைந்த மின்கித்தாரும் வாசிக்கத் தகுந்ததாக இருப்பதற்கு முதற்காரணம் இந்த எளிமை.

மலேசியாவில் பண்டமாரானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை இந்த வாத்தியத்தை நம்பி இருப்பவர்கள் இன்னிசைக் குழுக்களின் கித்தார் கலைஞர்கள். சனி ஞாயிறுகளில் திருமண மண்டபம், கோயில் திருவிழா மேடை, தீபாவளி வந்தால் திறந்த இல்ல உபசரிப்பு. பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. 1982இல் வந்த ‘இளைய நிலா’வுக்குத் தெளிந்த ஒலி வேண்டும், அடுத்த பாட்டே இன்றைய குத்துப்பாட்டாக இருந்தால் கரகரப்பான ஒலி வேண்டும். இரண்டையும் ஒரே கித்தார் தர வேண்டும். நான்கு மணி நேரம் சுருதி கலையாமலும் நிற்க வேண்டும். அவர்களுக்குத் தரம் என்றால் இதுதான். சேகரிப்பாளர்கள் பேசும் பழைய மரம், பழைய வார்னிஷ் எல்லாம் வேறு உலகம்.

மலிவுக் கித்தார் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் 1961இல் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு, மலாயா முழுக்க இளைஞர்கள் மின்கித்தார் தேடினார்கள். ‘பாப் யே யே’ என்ற இசை அலை எழுந்தது. அமெரிக்கக் கித்தார் எட்டாத விலை. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 249 டாலர் 50 சென்ட்டுக்கு விற்றது; அது அன்று பெரிய பணம். எட்டிய விலையில் இருந்தவை டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பானியக் கித்தார்கள். எழுபதுகளின் முடிவில் ஜப்பானியர்கள் அமெரிக்க வடிவங்களை அச்சு மாறாமல், அதுவும் செவ்வையாக, செய்யத் தொடங்கினார்கள். போட்டி தாங்காத ஃபெண்டர் 1982இல் ஜப்பானிலேயே தயாரிப்பைத் தொடங்கி, ‘ஸ்குவயர்’ என்ற பெயரில் மலிவு வரிசையை வெளியிட்டது. பின்னர் கூலி உயர உயர, தயாரிப்பு கொரியாவுக்கும் அங்கிருந்து சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நகர்ந்தது. எழுபது ஆண்டு விலையேற்றத்துக்குப் பின்னும், தொடக்கநிலை ஸ்குவயர் ஒன்று ஏறக்குறைய அந்த 1954ஆம் ஆண்டு டாலர் தொகைக்கே கிடைக்கிறது.

இன்று இந்த விலையில் கடையில் தொங்கும் பல பிராண்டுகள் சில தொழிற்சாலைகளிலேயே பிறக்கின்றன. 1973இல் கொரியாவில் தொடங்கிய கோர்ட் நிறுவனத்தின் சுராபாயா தொழிற்சாலை தன் பெயரில் மட்டுமல்லாமல் ஸ்குவயர், ஐபனெஸ் பெயர்களிலும் செய்து தருகிறது. ஆகவே தலைப்பகுதியில் உள்ள பெயரை வைத்துத் தரத்தை அளப்பது பாதி ஏமாற்றம். இந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு: 2007இல் கொரியாவில் வேலை இழந்த கோர்ட் தொழிலாளர்களின் போராட்டம் 2019 ஏப்ரலில்தான் உடன்பாட்டுக்கு வந்தது.

மரத்தைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. ஈட்டி இன மரங்களின் வணிகத்துக்கு 2017 ஜனவரியில் உலக அளவில் கட்டுப்பாடு வந்தபோது, மலிவுக் கித்தார்களின் விரற்பலகைக்கு ஈட்டிக்குப் பதிலாக ‘இந்தியன் லாரல்’ வந்தது. வேறொன்றுமில்லை, நம் கருமருதுதான். முழுமையாகச் செய்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. ஆனாலும் கருமருது போகவில்லை. உடலுக்கு ஞாத்தோ, மெராந்தி போன்ற மரங்கள் பயன்படுகின்றன. மலேசிய வீடுகளில் கதவும் மேசையும் செய்த மரங்கள் அவை. மேடையில் அவற்றின் ஒலியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை இருப்பது வேறிடத்தில். வீணையில் மெட்டு எனப்படும் உலோகக் கட்டையைக் கித்தாரில் ஃபிரெட் என்பார்கள். 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கழுத்தில் முதல் ஃபிரெட், தந்தி தொடங்கும் இடத்திலிருந்து 36.4 மில்லிமீட்டரில் விழ வேண்டும். இதைப் பொறி பிழையில்லாமல் வெட்டும். ஆனால் ஃபிரெட்டுகளை ஒரே மட்டமாகத் தேய்ப்பதும், ஓரங்களை மழுக்குவதும், தந்தி அமரும் ‘நட்’ என்ற சிறு துண்டில் சரியான ஆழத்துக்குக் காடி அறுப்பதும் கைவேலை. விலையைக் குறைக்கும்போது தொழிற்சாலை மிச்சம் பிடிப்பது இந்தக் கைவேலை நேரத்தில்தான். காடி ஆழம் போதாவிட்டால் முதல் ஃபிரெட்டில் அழுத்தும் சுரம் ஏறிப் பேசும். காடி இறுக்கமாக இருந்தால் தந்தியை இழுத்து விட்டபின் சுருதி திரும்பி வராது. ‘டியூனிங் கீ சரியில்லை’ என்று திட்டு வாங்கும் பல கித்தார்களில் உண்மையான குற்றவாளி நட்தான். புது வீணைக்கு மெட்டுகளை அமைத்து மேளம் கட்டுவதை யாரும் வீண்செலவு என்பதில்லை. கித்தாருக்குச் செட்டப் செய்வதும் அதே வேலை. கைதேர்ந்தவரிடம் கொடுத்து ஃபிரெட், நட், கழுத்தின் வளைவு, தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் ஆகியவற்றைச் சரிசெய்த மலிவுக் கித்தார், பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த விலை கூடிய கித்தாரைவிடச் சுருதி சுத்தமாக நிற்பது அரிதல்ல.

அடுத்தது மின்பகுதி. காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் சேர்ந்ததே பிக்கப். மலிவு பிக்கப்புகளில் பெரும்பாலும் பீங்கான் வகைக் காந்தம் இருக்கும். ஒலி சற்றுக் கூர்மையாக வரும். டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் போதும். மேடையில் ஆளைக் கவிழ்ப்பவை கேபிள் செருகும் ஜாக்கும் பிக்கப் சுவிட்சும். ஜாக்கின் மரை தளர்ந்து சுழலச் சுழல உள்ளே கம்பி அறுந்து, பாட்டின் நடுவே கித்தார் ஊமையாகும். நல்ல ஜாக் ஒன்றின் விலை ஒன்றிரண்டு வாழை இலைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது. முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. இரைச்சல் இன்னொரு தொல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை அப்படியே உறிஞ்சி ‘உம்’ என்று இரையும். கோயில் மேடையில் அலங்கார விளக்குகளும் ஜெனரேட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அழிக்கிறது. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைச் சுருளும் கொண்ட அமைப்பே திருமண மேடைக்கு ஏற்றது. 1990இல் அறிமுகமான யமஹா பசிஃபிகா வரிசையின் 112 அந்த அமைப்பில் வருவது, இந்தோனேசியாவில் செய்வது. இந்த விலைப் பிரிவில் இன்றும் அதை மிஞ்ச ஆள் குறைவு.

இடத்தின் தட்பவெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பண்டமாரானில் கடற்காற்று, கையிலோ வியர்வை. தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைக்காதவர் அடிக்கடி தந்தி வாங்க வேண்டியதுதான். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியிலிருந்து குளிரூட்டிய மண்டபத்துக்குள் வந்ததும் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். கால் மணி நேரம் பொறுத்து அதன்பின் சுருதி சேர்த்தால் கித்தாரின் மேல் பழி விழாது.

ஐந்நூறு வெள்ளிக்குக் கீழே, இணையத்தில் பையும் பெல்ட்டும் குட்டி ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து விற்கும் பெயரறியாத கித்தார்கள் பழகுவதற்கு மட்டுமே ஆகும். அவற்றில் சரிசெய்யும் செலவே வாங்கிய விலையைத் தாண்டிவிடும். ஆயிரம் வெள்ளியை ஒட்டிய கித்தாரும் அதற்குமேல் ஒரு செட்டப்பும் மேடைக்குத் தாராளமாகப் போதும். இரண்டாயிரம் வெள்ளி கையில் இருக்கிறதென்றால், அதை ஒரே கித்தாரில் போடுவதைவிட ஆயிரம் வெள்ளிக் கித்தார் இரண்டு வாங்குவது தொழில்முறைக் கலைஞருக்கு மேல். முகூர்த்த நேரத்தில் தந்தி அறுந்தால், கைநீட்டி எடுக்க இரண்டாவது கித்தார் சுருதி சேர்த்தபடி ஸ்டாண்டில் இருக்கும்.