சுடுகிற ஆட்டத்தில் புதுசு எங்கே?



நேற்று ராத்திரி பழைய ஹாஸ்டல் பக்கம் போனேன். தம்பிகள் கவுன்டர்-ஸ்டிரைக் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆடிய அதே டஸ்ட் 2 மேப்! 2001-இல் வந்தது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒரு வெடிகுண்டு. 2023-இல் வந்த கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் வெளிச்சமும் புகையும் மாறின, ஆட்டம் மாறவில்லை.

பெரும் பணம் போடுகிறவன் பழகிய பாதையில்தான் போவான். அதிலும் உத்தரவாதம் இல்லை. சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்டில் வந்து, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. ஓடாத படம்கூட நம்மூரில் அவ்வளவு நாள் ஓடும்!

புதுசு வந்ததெல்லாம் வேறு இடத்திலிருந்து. 1999-இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மேல் கட்டியதுதான் கவுன்டர்-ஸ்டிரைக். 2017-இல் வந்த பப்ஜியின் விதையும், பிரெண்டன் கிரீன் அடுத்தவர் ஆட்டமான ஆர்மா 2-வை மாற்றிப் பார்த்ததில் விழுந்ததே. மாற்றிக்கட்டும் கருவிகள் அவர்கள் கைக்குக் கிடைத்தன. இன்று பல ஆட்டங்களில் அந்தக் கதவே கிடையாது. கவுன்டர்-ஸ்டிரைக்கில் இன்னும் திறந்திருக்கிறது.

சொல்ல எனக்கே கூச்சம்தான். மூன்றாம் ஆண்டில் நானும் ரூம்மேட்டும் நம்ம மெஸ்ஸையே ஒரு மேப்பாகக் கட்ட ஆரம்பித்தோம். அரியர் பயத்தில் பாதியில் விட்டுவிட்டோம். சமையற்கட்டுக்கு இன்னும் சுவர் இல்லை. ஃபைல் என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் சாயங்காலம் பென்டிரைவோடு வாருங்கள்.