பொட்டலில் எரியும் நாடகம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஊர் கூடித் திறந்தவெளியில் நடத்தும் ஷேக்ஸ்பியர் விழாக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் ஹட்டனில் நின்றுகொண்டு லண்டனிலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஊரே நடிகராகி, ஊரே செலவேற்று, கூரையில்லாத வெளியில் இரவெல்லாம் நடத்தும் நாடக விழா நம் மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மாசி மாதத்துக் காமன் கூத்தைத்தான் சொல்கிறேன்.

மாசி அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். நட்ட கம்பத்தில் கரும்பு, வைக்கோல் புரி, வரட்டி என்று கட்டுவார்கள். அன்று முதல் பௌர்ணமியை ஒட்டிய நாள்வரை பொட்டலில் தப்புச் சத்தம் ஓயாது. ரதியும் காமனாகிய மதனும் ஆடுவார்கள், தர்க்கம் செய்வார்கள். கடைசி இரவில் தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். குறவனும் குறத்தியும் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு சிவனின் நெற்றிக்கண் திறக்கும்; காமன் எரிவான். மூன்றாம் நாள் உயிர்ப்பிப்பு. வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பவர்கள். பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு ரதி கட்டியவர்களும் உண்டு.

இது ஏன் மாசியில் நடக்கிறது என்றால் பஞ்சாங்கத்தைக் காட்டுவார்கள். நான் மழையையும் சேர்த்துக் காட்டுவேன். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் வைக்கோலும் எரியாது, இரவில் யாரும் வெளியில் உட்காரவும் மாட்டார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் இந்தச் சரிவுகளில் வறண்ட குளிர்காற்று வீசும். டிம்புள்ளத் தேயிலைக்கு மணம் கூடி நல்ல விலை போகும் பருவமும் அதுவே. கம்பெனிக்கு ஆண்டின் மிகச் சிறந்த தேயிலையைப் பகலில் பறித்துக் கொடுத்த கைகளே இரவில் ரதிக்குப் பூச்சூட்டின.

தப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் விடியற்காலை ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். பேர் பதியக் கூப்பிட்ட அதே வாத்தியம் மாசி இரவுகளில் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் முழங்கியது. நம் கூத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்கவில்லை.

இனி ஷேக்ஸ்பியரிடம் போகலாம். 1599ஆம் ஆண்டு லண்டனில் குளோப் அரங்கு எழுந்தது. அதன் நடு முற்றத்துக்குக் கூரை கிடையாது. ஒரு பென்னி கொடுத்தவர்கள் வெயிலிலும் தூறலிலும் நின்றபடியே பார்த்தார்கள். பெண் வேடங்களைப் பையன்கள் கட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி ஆற்றுக்கு அக்கரையில் ஜூலியஸ் சீசர் கதையைப் பார்த்ததாக எழுதிவைத்தார். அது ஷேக்ஸ்பியரின் நாடகமாகவே இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சீசர் செத்து நாடகம் முடிந்த கையோடு ஆண் உடையில் இருவரும் பெண் உடையில் இருவருமாக வந்து அழகாக ஆடினார்களாம். நம் குறவன் குறத்தியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அந்த நாடகத்தில் கல்பூர்னியா கெட்ட கனவு காண்கிறாள். கணவனின் சிலையிலிருந்து இரத்தம் வடிகிறது. இன்று வெளியே போகவேண்டாம் என்று தடுக்கிறாள். சீசர் முதலில் இணங்கி, பிறகு போகிறான். நம் ரதியும் கனவு கண்டுதான் மதனை மறிக்கிறாள். சிவன் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் அனுப்புகிறார்கள், போனால் திரும்பமாட்டாய் என்று மன்றாடுகிறாள். இரண்டு இடத்திலும் முடிவு சபைக்குத் தெரியும். ஆனால் கல்பூர்னியா அந்தக் காட்சிக்குப் பிறகு மேடைக்கே வருவதில்லை. ரதியோ அங்கேதான் தொடங்குகிறாள். காமன் எரிந்தபின் அவள் பாடும் ஒப்பாரியோடு சுற்றியிருக்கும் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள்; அவரவர் வீட்டுச் சாவுகளும் அந்த அழுகைக்குள் வந்துவிடும். கடைசியில், அவள் கண்ணுக்கு மட்டும் மதன் தெரிவான் என்று வரம் கிடைக்கிறது. இந்த ஒரு காட்சியில் நம் கூத்து சீசர் நாடகத்தைத் தாண்டிப் போய்விடுகிறது என்பது என் எண்ணம். ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

நவீன காலத்துத் திறந்தவெளி ஷேக்ஸ்பியர் விழாக்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜோசப் பாப் 1954இல் நியூயார்க்கில் தொடங்கியது அது. சீட்டு வாங்காமல் யாரும் ஷேக்ஸ்பியர் பார்க்கலாம் என்பது அவர் பிடிவாதம். சென்ட்ரல் பார்க்கில் ஆடத் தொடங்கியபோது, கூட்டம் மிதித்துப் புல் தேய்கிறது, அந்தச் செலவுக்குக் கட்டணம் வாங்கு என்றார் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ். பாப் மறுத்து நீதிமன்றம் போனார். 1959இல் வென்றார். 1962இல் அதே பூங்காவில் டெலகோர்ட் அரங்கு திறந்தது. நாடகத்துக்குக் கவியும் நடிகரும் மட்டும் போதாது, காலூன்ற நிலமும் வேண்டும். அந்த நிலம் யார் கையில் என்பதில்தான் விழாவின் ஆயுள் இருக்கிறது.

நம் கதையிலும் அதுவே நடந்தது, நீதிமன்றம் இல்லாமல். காமன் ஊன்றும் மண் தோட்டத் துரையுடையது. தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே அன்று குற்றம். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில்தான் தோட்டத்துக்குள் நுழைந்து தொழிலாளரைப் பார்த்தார். ஹட்டனை இடமாக வைத்துச் சங்கம் நடத்திய அவர் 1937இல் ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்ற நாடகத்தை எழுதினார். கூட்டங்களில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாடினார். சங்கம் வளரவும் நாடகமும் பாட்டும் தேவைப்பட்டன. நம்மவர்கள் கூத்துப் பார்த்துப் பழகிய சபை என்பதை நடேசய்யர் அறிந்திருந்தார்.

1948இல் நம் மக்களின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்குரிமை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு வேறு நாடு. ஏட்டில் எழுதாமல் வாய்ப்பாடமாகக் கூத்து படித்த கூட்டத்தில் இப்படிப் பாதிப்பேரை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூத்து மாஸ்டர் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போயிருப்பார், சிஷ்யன் இங்கே அரைக்கதையோடு நிற்பான். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளை இந்தப் பிரிவு இன்னும் கடுமையாகத் தாக்கியிருக்கவேண்டும். அவை ஆட்பலமும் நீண்ட மனப்பாடமும் கேட்பவை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்ததும், மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியதும் இந்த இழப்பின் நடுவே நின்று செய்த வேலைகள்.

கூத்தைப் புகழும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. தப்படிக்க யார், ரதி கட்ட யார் என்பதில் சாதி இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூத்தின் உயிராக இருந்தும் பொட்டலுக்குள் வேடத்தோடு இறங்கவில்லை. இதைச் சொன்னால் கலைக்கு இழுக்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தப்படித்தவரின் கூலியைப் பேசாமல் தப்பின் பெருமையை மட்டும் பேச எனக்கு வராது.

கலைவிழா மேடையில் காமன் கூத்தை அரைமணிக்குள் அடக்கிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் மேடையில் தீ மூட்ட முடியாது. சிவப்பு விளக்கைப் போடுகிறார்கள். பதினைந்து நாள் ஊரைக் கட்டிவைத்த விரதமும் வரியும் சண்டையும் சமாதானமும் சிவப்பு விளக்கில் வராது. மேடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டல் இருக்கும்வரை மேடையால் தீங்கில்லை.

பொட்டல் இருக்குமா என்பதே இப்போதைய கேள்வி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது; பொட்டல் கிடந்த மண்ணும் அதோடு போனது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர், முன்பே அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்றார். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு வருவது நம் மக்களின் நெடுநாள் ஆசை. லயத்தைவிட்டு வெளியேறுவதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் லயங்களுக்கு நடுவே பொதுவாகக் கிடந்த வெளியில்தான் காமன் ஊன்றினார்கள். ஏழு ஏழு பேர்ச்சாக அளந்து வேலியடைத்த பிறகு கம்பம் நட இடம் எங்கே?

இங்கே சங்கத் தலைவர்கள் இருக்கிறீர்கள், பிரதேச சபை உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். புதிய குடியிருப்புக்கு வரைபடம் போடும்போது கோயிலுக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கும் ஒதுக்குவதுபோல் காமன் பொட்டலையும் அளந்து குறியுங்கள். இருபது பேர்ச் போதும். எவ்வளவு அகலம் வேண்டும், தீ வீட்டுக்கூரைக்கு எட்டாமல் எத்தனை அடி தள்ளவேண்டும் என்பதை நில அளவையாளருக்குச் சொல்லித்தர இந்த மண்டபத்திலேயே கூத்து மாஸ்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.