நெடுஞ்சாலையில் முதல் ஆண்டு

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்குச் சரக்கு லாரி பழகிய காட்சி. மும்பையின் கிடங்குகளுக்கு அருகிலும் டில்லியின் எல்லைப்புறங்களிலும், நாமக்கல், சங்ககிரி என்று ஊர்ப் பெயர் தாங்கி நிற்கும் வண்டியைக் கண்டால், சொந்த ஊர்க்காரர் ஒருவரை எதிர்ப்பட்டதுபோல் மனம் மகிழ்கிறது. ஆனால் அவ்வண்டியை ஓட்டி வந்தவருடைய வாழ்க்கை எத்தகையது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இப்பொழுதோ நம் குடும்பத்துப் பிள்ளைகளிலேயே சிலர் இத்தொழிலை நாடுகின்றனர். தமிழோடு இந்தியும் மராத்தியும் பேசி வளர்ந்தவர்களுக்கு இத்தொழிலில் ஓர் அனுகூலமும் உண்டு. ஆகவே, நெடுந்தூர லாரி ஓட்டுநராகச் சேருகிறவருக்கு முதல் ஆண்டு எப்படியிருக்கும் என்பதை இன்று ஆராய்வோம்.

20 வயது நிரம்பியவரே வணிக வாகனம் ஓட்டலாம் என்பது சட்டம். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே, அதற்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். ஆனால் உரிமம் கைக்கு வந்ததனால் தொழில் கைவந்துவிடாது. முற்காலத்தில் கிளீனராகச் சேர்ந்து, டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, பெரிய டிரைவரின் பக்கத்தில் அமர்ந்து கற்றவர்களே பின்னர் வண்டி ஓட்டினார்கள். இன்று பல வண்டிகள் கிளீனர் இல்லாமலே செல்கின்றன. எனவே, புதிதாகச் சேருகிறவர், அனுபவம் உள்ளவரோடு சில நடைகளாவது சென்று வரத் தமக்கு வாய்ப்பளிக்குமாறு முதலாளியிடம் கேட்டுப் பெறுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தபடியாக, ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து டில்லிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி, ஏற்றம், இறக்கம், சுங்கச் சாவடி, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் செல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 55 மணி நேரம் சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் ஐந்தரை நாள் ஆகும். மூன்று நாளில் சரக்கைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், தினமும் 18 மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்கிறார் என்பது பொருள். வண்டியில் இரண்டு ஓட்டுநர் இருந்தால் இது இயலும். ஒருவரே என்றால், அவருடைய உறக்கத்தையே விலையாகக் கேட்கிறார். சாவியை வாங்கும் முன்னர் இந்தக் கணக்கைப் போடத் தெரிவதுதான், முதல் ஆண்டில் கற்க வேண்டிய பாடங்களில் தலையாயது.

1961 ஆம் ஆண்டில் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில், அதிகாரியின் ஒப்புதலோடு நாளுக்கு 10 மணி வரை நீட்டிக்க இடமளித்தது. 5 மணி நேரம் உழைத்தவருக்கு அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு பெற்றது. சட்டத்தின் பெயர் மாறினாலும் மனித உடலின் அளவு மாறவில்லை. பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடல் உறக்கத்தைக் கேட்டே தீரும். தேநீர் அருந்துவதாலும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதாலும், பாட்டை உரக்க வைப்பதாலும் அந்தக் கடன் தீராது. சிறிது தள்ளிப்போகும், அவ்வளவே. கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் அறிவு மங்குவது உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, மூன்று நொடியில் 50 மீட்டர் சென்றுவிடும். கடந்து வந்த ஊரின் பெயர் நினைவுக்கு வராவிட்டால், அதுவே நிறுத்த வேண்டிய இடம். சாலையோரத்தில் அல்ல, பெட்ரோல் பங்கிலோ, தாபாவிலோ, லாரிகளுக்கென்று அமைந்த நிறுத்துமிடத்திலோ ஒதுங்கித் தூங்குவதே முறை.

மலைச்சாலை மற்றொரு பள்ளிக்கூடம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயையும், புனேயிலிருந்து மும்பைக்கு இறங்கும் போர்காட் மலைச்சாலையையும் அறியாத ஓட்டுநர் இல்லை. இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று கியரை விலக்கி நியூட்ரலில் விடுவது பழைய தீய வழக்கம். அப்பொழுது வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்குகிறது. ஓயாமல் மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, அதே கியரில் இறங்குவது என்பது மூத்தவர்கள் சொல்லும் விதி. மிச்சமாகும் சில லிட்டர் டீசலுக்கு உயிரை ஈடு வைத்தல் தகாது. வடக்கே மார்கழி, தை மாதங்களில் படியும் மூடுபனியையும் இதே அச்சத்தோடு மதிக்க வேண்டும்.

ஓட்டுவதைக் காட்டிலும் காத்திருப்பதே கடினம் என்பதைப் புதியவர் விரைவில் உணர்வார். சரக்கு ஏற்றக் காத்திருத்தல், இறக்கக் காத்திருத்தல், பெரிய நகரங்களில் கனரக வண்டிகளுக்கு அனுமதி இல்லாத நேரம் கழியும்வரை எல்லையில் காத்திருத்தல், திரும்பும் வழிக்கு லோடு கிடைக்கும்வரை நாட்கணக்கில் காத்திருத்தல் என்று இது பல வகைப்படும். அந்த நாட்களுக்குப் பேட்டா உண்டா இல்லையா என்பதைப் புறப்படும் முன்னரே பேசி முடித்துக்கொள்வது அவசியம். முன்பணம், டீசல், சுங்கம், கூலி, உணவு ஆகியவற்றை அன்றன்று ஒரு சிறு நோட்டில் எழுதிவருகிறவருக்கு, நடை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது வாதாட வேண்டிய நிலை வராது. சரக்கு நனைந்தாலும் குறைந்தாலும் முதலில் கேள்வி ஓட்டுநரையே நோக்கி வரும். ஆதலால் ஏற்றும்போது எண்ணிப் பார்ப்பதும், தார்ப்பாயின் கிழிசலைக் கவனிப்பதும் அவர் கடமை.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மறைந்தன. அதன் இடத்தில் இ-வே பில் என்னும் மின்னணுச் சீட்டு 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் கடந்து செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அது வேண்டும். சாதாரணச் சரக்கு லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலம் குறிக்கப்படுகிறது. அப்படிப் பார்த்தால், சென்னை டில்லிப் பயணத்துக்கு அந்தச் சீட்டே 11 நாள் தருகிறது. அவசரம் அரசாங்கச் சீட்டில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழியில் வண்டி பழுதாகிக் கெடு நெருங்கினால், உடனே உரிமையாளருக்குத் தெரிவித்து நீட்டித்துக்கொள்ளலாம்.

விபத்தைப் பற்றியும் சொல்லாமல் இருத்தல் முறையன்று. 2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. தவறு யாருடையதாயினும், காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. கூட்டத்தின் சினத்தால் அங்கே நிற்க இயலாத நிலையை அச்சட்டமே உணர்ந்து விலக்களிக்கிறது. ஆனால் அதன் பின்னரும் மறைந்துபோவதற்கு உரிமை இல்லை. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். 112 என்னும் அவசர எண்ணையும், தேசிய நெடுஞ்சாலைகளுக்கு உரிய 1033 என்னும் எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்வது நன்று.

இறுதியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஆண்டில் பண்டிகைகள் தவறும், திருமணங்கள் தவறும், எதிர்பார்த்த வருமானத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரையும். பலர் இந்த ஆண்டிலேயே தொழிலை விட்டு விலகுவதும் உண்டு, அது இழுக்கன்று. நிலைத்து நின்றவர்களுக்கோ, நாட்டின் நீள அகலத்தை அறிந்த அறிவும், சொந்தமாக ஒரு வண்டி வாங்கும் நம்பிக்கையும் கிட்டுகின்றன. இன்று நாமக்கல் வட்டாரத்தில் லாரி உரிமையாளர்களாக இருப்பவர்களில் பலர், ஒரு காலத்தில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவர்களே. பிள்ளையிடம் தொலைபேசியில் பேசும்போது, எப்பொழுது வந்து சேருவாய் என்று கேட்பது தாய் மனத்தின் இயல்பு. அதற்கு முன்னர், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். தாமதமாகச் சேர்ந்த சரக்குக்கு விளக்கம் சொல்லிவிடலாம். அதற்காகப் பிள்ளை இரவெல்லாம் விழித்து ஓட்ட வேண்டியதில்லை என்பதை அவனுக்கு வீடும் சொல்ல வேண்டும்.