குளிர் எங்கிருந்து வருகிறது?

தோட்டத்திலிருந்து கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் எனக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஐஸ்பெட்டி இருக்கிறது. சில வீடுகளில் ஏர்கோனும் உண்டு. அவை பழுதானால், சரிசெய்ய வருபவர் சில சொற்களைச் சொல்வார். அவற்றின் பொருள் தெரிந்தால்தான் கேட்கும் கூலி நியாயமா என்று நாம் விசாரிக்க முடியும். இன்று அச்சொற்களை அறிந்துகொள்வோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. இந்த இயந்திரங்கள் குளிரை உண்டாக்கி உள்ளே அனுப்புவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகின்றன. ஐஸ்பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டோ சூடாக இருப்பது இதனால்தான். அதன் கதவைத் திறந்து வைத்தால் வீடு குளிராது, சூடுதான் ஏறும்.

வெப்பத்தை எடுப்பது எப்படி? ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படியே. இயந்திரத்தினுள் இந்த வேலையைச் செய்வது குளிரூட்டும் பொருள். இதையே ‘கேஸ்’ என்கிறோம். புதிய ஏர்கோன்களில் உள்ள ஆர்-32 என்னும் கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

இந்தக் கேஸ் நான்கு இடங்களைச் சுற்றி வருகிறது. ‘கம்ப்ரசர்’ அதை அழுத்திச் சூடாக்கும். வெளியே உள்ள ‘கண்டென்சர்’ குழாய்களில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பின்பு மெல்லிய குழாய் அல்லது வால்வு வழியே செல்லும்போது அதன் அழுத்தம் சட்டென்று குறையும். கடைசியாக, உள்ளே உள்ள ‘இவாப்பரேட்டர்’ குழாய்களில் ஆவியாகி, அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்பும்.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று. கேஸ், காருக்கு ஊற்றும் பெட்ரோல் போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். ஆகவே, “கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், “கசிவு எங்கே? அதை அடைத்தீர்களா?” என்று கேட்க வேண்டும். அடைக்காமல் நிரப்பினால், கேஸோடு நம் பணமும் போய்விடும். காற்று வடிகட்டும் வலையில் தூசி அடைத்தாலும் குளிர் குறையும். எனவே முதலில் வலையைக் கழுவிப் பாருங்கள்.

கடையில் ‘ஒரு எச்.பி.’ என்கிறார்கள். அது, மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் என்னும் கணக்கு. ஒரு பவுண்டு தண்ணீரின் சூட்டை ஒரு பாரன்ஹீட் டிகிரி உயர்த்தும் வெப்பமே ஒரு பி.டி.யு. ‘ஒரு டன்’ என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு.; 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாளில் உருக எடுக்கும் வெப்பத்தை வைத்து வந்த அளவு அது.

பெற்றோர்களே, இது நம் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழிலும்கூட. கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களிலும் கிள்ளான் துறைமுகத்தின் குளிர்கொள்கலன்களிலும் இவ்வேலை உண்டு. ஆனால் ஆர்-32 தீப்பற்றக்கூடியது. ஏர்கோனில் மின்சார ஆபத்தும் உண்டு. அரைகுறையாகக் கற்றுக் கைவைப்பது தவறு. மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வகையில் முறையாகப் பயிலச் செய்யுங்கள்.