குடிலும் கச்சேரியும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி பிறந்துவிட்டால் ஆயக்குடிச் சாலைக்கு உறக்கம் குறைவு. பழனியை நோக்கி நடக்கும் அடியார் கூட்டம் ஒருபுறம்; கொய்யாக் கூடைகளை இறக்குவோரும் ஏற்றுவோரும் எழுப்பும் சந்தை ஆரவாரம் மறுபுறம். அதே மார்கழியில்தான் கிறித்தவர் இல்ல முகப்புகளில் காகித நட்சத்திரம் ஒளிர்கிறது. வைக்கோல் பரப்பிய குடில் எழுகிறது. புத்தாடை, பலகாரம், நள்ளிரவுத் திருப்பலி என்று விழா வந்து, விழா போகிறது. மறுநாள் காலை கடை திறக்கவேண்டும், அலுவலகம் போகவேண்டும். 'வழிபடவே நேரமில்லை, வாழ்ந்து காட்ட நேரம் ஏது?' என்ற பெருமூச்சு பல இல்லங்களில் எழுகின்றது. 'எழுத நேரமில்லை' என்னும் கவிஞரின் பெருமூச்சுக்கு அது உடன்பிறப்பு.

இப்பெருமூச்சை ஏளனம் செய்தல் தகாது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஓய்வு கிடைத்தவர்க்கு மட்டுமே உரியதா சமயம்?

கிறித்து பிறப்பை நற்செய்தி நூல்கள் சொல்லும் முறையை எண்ணிப் பார்த்தல் நன்று. அது ஓய்வான இரவன்று. குடிக்கணக்கு எழுதவேண்டும் என்ற பேரரசின் ஆணையால் ஊரெல்லாம் பயணத்தில் இருந்த காலம். சூசையும் மரியும் அவ்வாணைக்குப் பணிந்து வந்தவர்கள். விடுதி நிரம்பி வழிந்ததால் குழந்தைக்குக் கிடைத்தது தீவனத் தொட்டி. செய்தி முதலில் சென்றடைந்தது யாரை? இரவு முழுதும் விழித்து மந்தை காத்த இடையரை. வேலையில் இருந்தவர்க்கே அந்த அழைப்பு வந்தது. அவர்கள் குழந்தையைக் கண்டார்கள். கண்டபின் தம் மந்தைக்கே திரும்பினார்கள். திரும்பிய வாழ்வு பழைய வாழ்வே. திரும்பிய மனம்தான் புதிது.

தமிழ்க் காப்பிய உலகில் இவ்வுண்மையை உணர்ந்தவர் வீரமாமுனிவர். 1726இல் நிறைவுற்றதாகக் கூறப்படும் தேம்பாவணி, முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் யார்? முடிமன்னன் அல்லன், 'வளன்' என்று முனிவர் பெயரிட்ட சூசை. உளி பிடித்த தச்சர். நற்செய்தி நூல்களில் சூசை பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. எழுந்தார், சென்றார், காத்தார், உழைத்தார் என்பதே அவர் வரலாறு. பேசாத ஓர் உழைப்பாளியைத் தன்னிகரில்லாத் தலைவனாக்கித் தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடியது எளிய துணிவன்று.

காப்பியத் தலைவனை விடுத்துக் கச்சேரியில் அமர்ந்த ஒருவரைக் காண்போம். கச்சேரி என்றால் இங்கே இசையரங்கன்று. சென்ற நூற்றாண்டுகளின் வழக்கில் அலுவலகமும் நீதிமன்றமும் ஆகும். 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்ற ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக விளங்கினார். 1872இல் பணி நீங்கிய பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. நேரமில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சொன்னாரில்லை.

அவர் அதிகாலையில் எழுதினாரா, நள்ளிரவில் எழுதினாரா என்று ஆராய்வதில் பயன் குறைவு. எதனை எழுதினார் என்பதே கருதத்தக்கது. முன்சீப் பணியில் இருந்தபோதே, 1859இல், நீதிநூலை வெளியிட்டார். அந்நூலில் கைக்கூலியைக் கண்டிக்கும் அதிகாரம் ஒன்று உண்டு. கையூட்டு வாங்காதே என்று யாரும் பாடலாம். வாதியும் பிரதிவாதியும் நாள்தோறும் வாயிலில் காத்திருக்கும் ஒரு நீதிபதி பாடுவது வேறு. அச்சேறிய ஒவ்வொரு செய்யுளும் மறுநாள் அவரையே கூண்டில் ஏற்றும் சாட்சியாகிவிடும். கவிஞன் தனக்கே எதிராக எழுதிக்கொடுத்த உறுதிச் சீட்டு அது.

அக்காலத்துத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலத்தைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதையே ஏழைக் குடியானவன் பிறரிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார் பிள்ளை. நீதிமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என்று வாதாடினார். தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய கைதான் இதனையும் செய்தது. அவர் எழுதிய சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் கடவுளைப் பாடியதோடு உத்தியோகத்தையும் குடும்பத்தையும் பாடினார். பூசையறைக்கு ஒரு நூல், அலுவலகத்துக்கு ஒரு நூல் என்று அவர் பிரிக்கவில்லை என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

சோதனை 1876இல் வந்தது. தாது ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, சிற்றூர்கள் காலியாகி மக்கள் சாலைகளில் விழுந்து மடிந்தனர். அப்போது பிள்ளை பணி ஓய்வு பெற்றவர். மழை வேண்டி உருக்கமான கீர்த்தனைகள் பாடினார். பாடியதோடு நின்றிருந்தால் அவரை ஒரு நல்ல கவிஞர் என்று மட்டும் உலகம் சொல்லியிருக்கும். தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு வார்த்தார். விடுதியில் இடமில்லை என்று அன்று பெத்லகேம் சொன்ன சொல்லுக்கு மாயூரத்து வாசல் அளித்த மறுமொழி அது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார் பிள்ளையின் வள்ளன்மையைப் போற்றிப் பாடினார். பிள்ளையின் நண்பராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ முன்னரே அவர்மீது குளத்துக் கோவை பாடியிருந்தார். பிற சமயத்தார் வாயால் கிடைத்த இச்சான்றிதழ்களுக்கு மேல் ஒருவனுடைய சமயத்துக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். 'பிள்ளை பொருளும் பதவியும் உடையவர். கூலிக்குக் கூடை தூக்குபவன் எதனை ஈவான்?' நியாயமான தடையே. காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளை இட்ட கைம்பெண்ணே மிகுதியாக இட்டவள் என்பது இயேசு சொன்ன கணக்கு. இவ்வூர்ச் சந்தையின் தராசுக்கும் அக்கணக்குப் பொருந்தும். நல்ல காயை மேலே அடுக்கி, அழுகியதைக் கீழே மறைக்காத கை, அன்றைய வழிபாட்டை அங்கேயே முடித்துவிடுகின்றது. அதற்குத் தனியே நேரம் வேண்டுவதில்லை, நேர்மை வேண்டும். நேரமில்லை என்ற சாக்கு தராசின் முன் செல்லாது.

தொலைவில் தேட வேண்டுவதில்லை. இதே சாலையில் கிழக்கே சென்றால் ஒட்டன்சத்திரம். அங்கே 1955இல் மருத்துவர்கள் ஏ. கே. தரியன், ஜேக்கப் செரியன் ஆகியோர் தொடங்கிய கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை சிற்றூர் மக்களுக்காக எழுந்தது. மருத்துவமனைக்குப் பண்டிகை நாளென்று கதவடைப்பு இல்லை. டிசம்பர் 25 அன்றும் பிள்ளை பிறக்கும், காய்ச்சல் வரும், பாம்பு கடிக்கும். அவ்விரவில் படுக்கையருகே விழித்திருக்கும் செவிலி, மந்தை காத்த இடையரின் வழியில் நிற்பவர். திருப்பலிக்குச் செல்ல இயலாத அவருக்கும் விழா உண்டு.

கவிஞர்கட்கு ஒரு வேண்டுகோள். ஆயக்குடியில் பனி பெய்வதுண்டு. வெண்பனிக் குவியலும் கலைமான் வண்டியும் இங்கில்லை. வாழ்த்து அட்டையிலிருந்து கிறித்துமசுக் கவிதை எழுத வேண்டா. 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ சிற்றூரில் அசிசியின் பிரான்சிசு வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு குடில் அமைத்தார். பிறப்பை ஊராரின் கண்ணெதிரே அவர்தம் மாட்டுத் தொழுவமாகவே காட்டவேண்டும் என்பது அவர் நோக்கம். கொய்யாத் தோப்பின் காவற்குடிசையும், பேருந்து நிலையத்தில் இடமின்றி ஈன்றவளும், இரவுக் காவலனின் விளக்கும் இங்கே பாடுபொருள் ஆகவேண்டும்.

பத்து ஆண்டுகள் இவ்வட்டம் நடந்தது, ஓய்வுடையோர் கூடியதால் அன்று. கடை அடைத்து வந்தவரும், பள்ளி முடிந்து வந்தவரும், வயலில் நீர் கட்டிவிட்டு வந்தவரும் சேர்ந்து நடத்தினர். தமிழுக்கு நேரம் கண்டவர்க்கு அயலானின் பசிக்கும் நேரம் காணல் அரிதன்று. தை பிறந்ததும் குடிலைப் பிரித்து வைக்கோலை மாட்டுக்கு இடுவர். அந்த வைக்கோலும் பயன்பட்டே முடிகின்றது. விழாவும் அவ்வாறு முடியுமாயின், அது முடிந்ததாகாது.